கைப்பிடி யார் பக்கம்

அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டது. முதலில் டீச்சரின் சிரிப்பு; அதன் பின்னாலேயே, காற்று இறங்கிய பந்து மாதிரி, தன் கணவரின் சிரிப்பு. சமையலறையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றவள் காதைத் தீட்டிக்கொண்டாள். அவர் சிரித்தால் அடுத்து இருமல் வந்தாக வேண்டும். காத்திருந்தாள். வரவில்லை. "முடிஞ்சுது சார். ஒரு சொட்டு பாக்கியில்ல" என்று டீச்சரின் குரல்தான் வந்தது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

டீச்சர் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பக்கவாதத்தில் தொண்டை தளர்ந்துபோனவர்களுக்கு மறுபடி விழுங்கவும் பேசவும் பழக்குகிறவள். மருத்துவமனையிலிருந்து காலை வேளையில் வீட்டுக்கு வந்து போவாள். முப்பது வயதிருக்கும். 'தொண்டை டீச்சர்' என்று பட்டம் கட்டியது கணவர்தான். அவர் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார் என்றால் அந்த ஆளை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் மனைவிக்கு வைத்த பெயர் 'மூடி'. பிளாஸ்டிக் பாத்திரம் செய்யும் தொழிற்சாலையில் அவள் வடிவமைப்பாளர். டப்பா மூடி, தண்ணீர் பாட்டில் மூடி, மருந்துப் பாட்டிலின் தலையில் அளவுக் கோடுகளோடு கவிழ்ந்திருக்கும் குட்டி மூடி, எல்லாம் அவள் வரைந்தவை. இத்தனை வருஷமும் வீட்டில் பட்டப்பெயர் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. இப்போது பங்குக்கு ஆள் வந்துவிட்டது.

எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போய் எட்டிப் பார்த்தாள். டீச்சர் அவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தோளும் தோளும் இடிக்காத குறை. இரண்டு பேரும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட சட்டை ஒன்று காற்றில் யாரையோ கூப்பிடுவதுபோல் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு அதைப் பார்த்துத்தான். இவ்வளவு பெரிய அறையில் இப்படி ஒட்டி உட்கார என்ன அவசியம் என்று அவளுக்கு விளங்கவில்லை. டீச்சர் துண்டின் நுனியால் அவர் மோவாயைத் துடைத்தாள். அவரும் சொன்னபடி கேட்கிற குழந்தையாக மோவாயை நீட்டிக்கொடுத்தார்.

காலை மருந்தை டீச்சர் கொடுப்பாள்; மாலை மருந்து மனைவியின் பொறுப்பு. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. அவரால் மாத்திரை விழுங்க முடியாது என்பதால் எல்லா மருந்தும் திரவமாகத்தான் கொடுத்திருந்தார்கள்; பழுப்பு நிறத்தில், கொழகொழவென்று, வாசனையே கசக்கும். அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டம்ளரை அவர் உதட்டில் வைத்து, கண் கொட்டாமல் பார்ப்பாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒரு வாய் உள்ளே போகும். அடுத்த வாய் புரை ஏறும். கண்ணில் நீர் முட்ட இருமி, பாதி மருந்து மோவாய் வழியாகச் சட்டைக்கு இறங்கும். அவள் பயந்துபோய் முதுகைத் தடவுவாள். பயம் தெளிந்ததும் கோபம் வரும். "காலைல மட்டும் எப்படி இறங்குது?" என்று கேட்டுவிடுவாள். அவர் சுவரைப் பார்ப்பார்.

அவர் குரலை வைத்துச் சம்பாதித்தவர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்பதை அவர் சொல்லும்போது, வண்டி தாமதம் என்ற செய்திகூட நல்ல செய்தி மாதிரி கேட்கும். வீட்டிலும் அதே குரல்தான். 'சமையலறையிலிருந்து புறப்பட வேண்டிய காபி இன்னும் புறப்படவில்லை' என்று ஹாலிலிருந்து அறிவிப்பு வரும். பக்கவாதம் அந்தக் குரலை நூல் மாதிரி மெலிய வைத்திருந்தது. வலது கையும் சரியாக எழவில்லை. அந்த மிச்சக் குரலையும் மிச்சச் சிரிப்பையும் காலையிலேயே ஒருத்தி வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். மாலையில் தனக்கு வாய்ப்பது இருமல் மட்டும்தான் என்று அவளுக்கு மனசு எரிந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்கக் கூச்சமாக இருந்தது. தேர்வுக்குப் படிக்கிற விடுமுறையில் வீட்டிலிருந்த மகள்தான் அந்தப் பெயரைச் சொன்னாள். டீச்சரின் செருப்பு 'கீச் கீச்' என்று சத்தம் போடுகிறது, தலைவலிக்கிறது என்று அம்மா குறை சொன்னபோது, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "செருப்பு மேல பொறாமைப்படற ஒரே ஆள் நீதாம்மா" என்றாள்.

யோசனை பேருந்தில் வந்தது. ஒரு பெண் தன் குழந்தைக்குப் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை தலையை அண்ணாந்தது, புரை ஏறியது. சாதாரண டம்ளரில் அடியில் கிடப்பதைக் குடிக்க வேண்டுமானால் தலையைப் பின்னால் சாய்த்தே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் விளிம்பு மூக்கில் முட்டும். மோவாய் எப்போதும் நெஞ்சைப் பார்த்தே இருக்க வேண்டும் என்பது டீச்சரின் பாடம். அதனால்தான் டீச்சர் கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டு அவ்வளவு நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். தலையைச் சாய்க்காமல், இடது கையால், அவரே பிடித்துக் குடிக்கிற மாதிரி ஒரு குவளை இருந்தால்? கரண்டி வேண்டாம். பக்கத்து நாற்காலி வேண்டாம். கீச் கீச்சும் வேண்டாம்.

அன்றே வேலையை ஆரம்பித்தாள். மேலாளரிடம் நோயாளிகளுக்கான மருந்துக் குவளை என்று சொல்லி அனுமதி வாங்கினாள். அது பொய்யில்லை. எந்த நோயாளி என்று அவர் கேட்கவுமில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை வரைந்தாலும், அதைப் பயன்படுத்தப் போகிறவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டுதான் வரைவாள். இந்தத் தடவை நினைப்பு போதாது என்று, ஹெல்மெட் அளவு பார்க்க வாங்கிப்போட்டிருந்த மொட்டைத் தலைப் பொம்மையை எடுத்து எதிரில் வைத்தாள். அச்சு வெட்டுகிற அண்ணன் அதன் வாயில் துளை போட்டு, தொண்டைக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி, கீழே வாளி வைத்துக் கொடுத்தார். எல்லோரும் அவரை 'அச்சு அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பொம்மைக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்ததும் அவரே.

முதல் சாம்பிளில், மூக்குக்கு இடம் விட்டு எதிர்ப்பக்க விளிம்பை அரைவட்டமாக வெட்டியிருந்தாள். அச்சு அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதை யாராவது கடிச்சுட்டாங்களா?" என்றார். மருந்துக்குப் பதிலாகச் சர்க்கரைப் பாகு ஊற்றினாள். பாகு அடி மூலையில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. மூலைகளை உருட்டினாள், அடிப்பாகத்தை உதட்டுப் பக்கமாகச் சரித்தாள். அப்போது மொத்தமும் ஒரே பாய்ச்சலாக வந்து மாப்பிள்ளையின் முகத்தை நனைத்தது. உதட்டருகில் சின்னதாக ஒரு வரப்பு எழுப்பினாள். ஒரு வாய் அளவுக்கு மேல் அது விடாது. மாப்பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் தானே குடித்துப் பார்த்தாள். அந்த வாரத்தில் அவள் குடித்த பாகுக்கு எறும்பு அவளைத் தேடி வந்திருக்க வேண்டும்.

கடைசியில் கைப்பிடி. அதை மட்டும் கணினியில் வரைய மனம் வரவில்லை. குவளையின் பக்கத்தில், அவருடைய இடது கை வரும் பக்கமாக, மாதிரி செய்கிற களிமண்ணைப் பிடித்து ஒட்டினாள். மாப்பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து, களிமண் ஈரமாக இருக்கும்போதே தன் வலது கையால் பிடித்துத் தூக்கி, அதன் வாய்க்குக் கொண்டுபோனாள். விரல்கள் பதிந்தன, கட்டைவிரலுக்கு அழகான ஒரு குழி விழுந்தது. அந்தப் பதிவையே அப்படியே அச்சாக எடுக்கச் சொன்னாள்.

அன்றுதான் மகள் ஏதோ கேட்க அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தது அச்சு அண்ணன். அம்மா மாப்பிள்ளைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மகள் அதை அப்பாவிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்துவிட்டாள். மாலையில் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவரிடமிருந்து கேள்வி வந்தது.

"யாரு... அந்த மாப்பிள்ளை?"

குவளை முடியும்வரை எதையும் சொல்லக் கூடாது என்று இருந்தாள். அதோடு, அந்தக் கேள்வி காதுக்கு இனிப்பாகவும் இருந்தது.

"வேலை செய்யற இடத்துல ஒருத்தர்" என்றாள்.

"என்ன வயசு?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? தலை மொட்டை. ஆனா நான் குடுத்தா மறுபேச்சு பேசாம குடிப்பார். மூஞ்சியைச் சுளிக்க மாட்டார்."

மகள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள். அவர் சிரிக்கவில்லை. மருந்து டம்ளரை அவள் உதட்டில் வைத்ததும், யாரோடோ பந்தயம் கட்டியவர் மாதிரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விழுங்கப் பார்த்தார். புரை ஏறிய வேகத்தில் முகம் கருத்து, மூச்சு வாங்கி, பழைய நிலைக்கு வர வெகு நேரமாயிற்று. அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். விளையாட்டுக்காகச் சொன்ன ஒரு சொல்லுக்கு இப்படி மூச்சைக் கொடுக்கிற மனுஷன், காலையில் அந்தப் பெண்ணிடம் மட்டும் எப்படிச் சாதுவாக இருக்கிறார்? பயத்திலும் அவளுக்கு அந்தக் கேள்விதான் வந்தது.

குவளை தயாரானது. வெளிர் நீலம். ஏந்தினால் கையை விட்டு இறக்க மனம் வராத வழவழப்பு. அதை மாலையில் கொடுத்திருக்கலாம். அவள் காலைக்காகக் காத்திருந்தாள். யார் எதிரில் கொடுக்க வேண்டுமோ அவர் எதிரில் கொடுக்க வேண்டாமா?

டீச்சர் வந்து கரண்டியை எடுக்கும்போது, "இன்னிக்கு நான் குடுக்கறேன்" என்று உள்ளே போனாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மருந்தை ஊற்றி, குவளையை அவர் உதட்டில் வைத்தாள். வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பார் நன்றாக, என்று சொல்லாமல் சொன்னாள். அவர் தொண்டை ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. மோவாய் நிமிரவே இல்லை. குவளை லேசாகி, காலியாகி, அவள் கைக்கு வந்தது. இருமல் இல்லை. சட்டையில் ஒரு பொட்டு இல்லை.

வாசலில் நின்ற மகள் வாயைப் பிளந்தாள். டீச்சர் கையைத் தட்டினாள். அதில் கள்ளம் எதுவும் இருக்கவில்லை, அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "பிரமாதம் மேடம்" என்ற டீச்சர், குவளையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, "இப்ப சார் தானா குடிக்கட்டும்" என்று அவர் இடது பக்கம் நீட்டினாள்.

அதற்காகத்தானே செய்தது? அவர் இடது கையால் கைப்பிடியைப் பிடித்தார். விரல்கள் உள்ளே போயின, உட்காரவில்லை. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் விரல் பள்ளங்கள் இருந்தன. கட்டைவிரல் குழியோ அவர் பார்வைக்கே படாமல் அந்தப் பக்கம் இருந்தது. மணிக்கட்டை முறுக்கிப் பார்த்தார். குவளை சாய்ந்து தண்ணீர் மடியில் கொட்டியது.

அவர் குவளையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கட்டைவிரல் குழியை விரலால் தடவினார். பிறகு அவள் கையை எடுத்து, அவளுடைய கட்டைவிரலை அதில் வைத்தார். தாழ்ப்பாள் மாதிரி பொருந்தியது.

"மூடி" என்றார் நூல் குரலில். "இது நான் பிடிக்கறதுக்குச் செஞ்சது இல்ல. நீ பிடிக்கறதுக்குச் செஞ்சது."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷமாக மூடி வரைந்த கை. மூடி வட்டமானது, அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கிடையாது. எதிரில் இருப்பவரை நினைத்து வரைந்தாலும் யார் கைக்கும் சரியாக வரும். கைப்பிடிக்குப் பக்கம் உண்டு. அது ஒரு ஆள் பக்கம்தான் நிற்கும். அவருக்கு யாருமே தேவைப்படாத ஒரு குவளை செய்வதாக நினைத்துக்கொண்டு, தன்னைத் தவிர யாருக்கும் தோதுப்படாத ஒன்றை அவள் செய்து வைத்திருந்தாள். அதையும் அந்தப் பெண் எதிரிலேயே காட்டியாயிற்று.

கீச் கீச் சத்தம் சமையலறை வாசலுக்கு வந்தது. டீச்சர் குவளையைத் தொட்டியில் கழுவிக்கொண்டே, முதல் தடவையாக 'மேடம்' என்பதை விட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"சார் இன்னிக்கு உங்க கையால முழுசாக் குடிச்சார். கப்பு நல்ல கப்புதான், நான் இல்லேங்கல. ஆனா நீங்க இன்னிக்கு அவர் வாயைப் பாக்கவே இல்ல."

"பின்ன எதைப் பாத்தேன்?"

"என்னை" என்றாள் டீச்சர். சிரிப்பை அடக்கியதில் கன்னம் குழிந்தது. "முறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவளுக்குக் காது வரை சூடேறியது. டீச்சர் குவளையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள். என் முன்னால எச்சில் ஒழுகினா என்ன, சிந்தினா என்ன, அவருக்குக் கவலை கிடையாது. நான் யாரோ. நீங்க உத்துப் பாத்தா மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கறார். மூச்சைப் பிடிச்சா எந்தத் தொண்டையும் திறக்காது. நான் ஏன் பக்கத்துல உக்காந்து தெருவைப் பாக்கறேன்னு நினைக்கறீங்க? இவ்வளவும் சொல்லிவிட்டு, "மத்ததை அவர்கிட்டயே கேளுங்க" என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாலையில் அவள் வீட்டுக்கு மாதிரிக் களிமண் எடுத்து வந்தாள். கைப்பிடி இல்லாத ஒரு சாம்பிளில் அதை ஒட்டி, பழக்கத்தில் எதிர் நாற்காலியை இழுக்கப் போனாள். பாதி வழியில் நின்றாள். நாற்காலியைத் தூக்கி அவருடைய இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து அவர் வாய் தெரியவில்லை. ஜன்னல் தெரிந்தது. எதிர்வீட்டுச் சட்டையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"என்கிட்ட மட்டும் என்னங்க வெக்கம்?" என்றாள், தெருவைப் பார்த்தபடியே.

"டீச்சருக்கு அது தொழில்" என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "நீ என் குரலைக் கேட்டு வந்தவ. அதே வாயில... எச்சில் ஒழுகறதை நீ பாக்கணுமா?"

நான் உங்களைவிட மோசம், ஒரு செருப்பு மேலயே பொறாமைப்பட்டேன் என்றாள். அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அந்தக் காற்று இறங்கிய சிரிப்பு வந்தது; இந்தத் தடவை அவளுக்காகவே வந்தது. அப்போது அவர் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டார். பொம்மை என்று சொன்னாள். அவர் நம்பவில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். கைப்பேசியில் படத்தைக் காட்டினாள். அதை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆள் பாக்க நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

"பேச்சுக் குடுத்தது போதும், பிடிங்க" என்று களிமண்ணை அவர் இடது கைக்குள் வைத்தாள். அவர் விரல்களுக்கு அழுத்தம் போதவில்லை. அவள் தன் கையை அவர் கைக்கு மேல் வைத்து மெதுவாக அமுக்கினாள். களிமண்ணில் அவருடைய விரல்கள் பதிந்தன. கட்டைவிரல் அவர் பக்கமாக. அச்சு எடுத்தபோது குழிகள் கொஞ்சம் அகலமாக வந்தன. ஒரு கைக்கு இது அதிகமாக இருக்கிறதே, சரி செய்யட்டுமா என்று அச்சு அண்ணன் கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள்.

புதுக் குவளையில் அவரே குடிக்கப் பழகினார். முதலில் சிந்தியது. பிறகு குறைந்தது. பிறகு ஒரு காலையில் டீச்சர் கரண்டியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இனி தினமும் வர வேண்டியதில்லை, குரல் பயிற்சிக்கு எப்போதாவது வந்தால் போதும் என்றாள். குவளை செய்தவள் எதற்காக அவ்வளவு பாடுபட்டாளோ அது நடந்துவிட்டது. டீச்சருக்குக் காபி கொடுத்து, வாசல் வரை போய், கீச் கீச் என்று படியிறங்கும் சத்தம் முழுக்கத் தேயும்வரை நின்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் அடியில், பாகு மாதிரி, வராமல் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இனி அவருக்கு டீச்சர் வேண்டாம். மாலையில் தானும் வேண்டாம்.

போகும்போது டீச்சர் இன்னொரு நோயாளிக்கு ஒரு குவளை கேட்டிருந்தாள். வண்டி ஓட்டியவராம், பெரிய கையாம். யார் பிடிக்கப் போகிறார்கள், அவரா அவர் சம்சாரமா என்று அவள் கேட்டாள். கேட்டு வந்து சொல்வதாக டீச்சர் சொன்னாள். "ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள் அவள்.

அன்று மாலை மருந்தை ஊற்றி, குவளையை அவர் இடது கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, சமையலறைக்கு வந்துவிட்டாள். பார்க்கக் கூடாது. காதை மட்டும் அந்தப் பக்கம் விட்டிருந்தாள். விழுங்கும் சத்தம் கேட்கவில்லை, இருமலும் கேட்கவில்லை. பால் சூடாகிக்கொண்டிருந்தது. பிறகு அறையிலிருந்து, மெலிந்து, அங்கங்கே அறுந்து, ஆனால் பழைய ஏற்ற இறக்கம் மாறாமல் அந்தக் குரல் வந்தது.

"பயணிகள் கவனிக்கவும். சமையலறையிலிருந்து வர வேண்டிய மூடி... தாமதமாக... வந்துகொண்டிருக்கிறது."

அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். குவளை நிறைந்தபடியே அவர் கையில் இருந்தது. இடது பக்க நாற்காலி காலியாக இருந்தது. அவள் வந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் மறுபடி ஒரு சட்டை, இன்று ஒற்றைக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் தொண்டை ஏறி இறங்கும் சத்தம் பக்கத்தில் கேட்டது. பாதியில் நின்றது.

"மாப்பிள்ளை... எப்படி இருக்கான்?"

"அலமாரி மேல ஏத்தியாச்சு. மூஞ்சி சுவத்தைப் பாத்து இருக்கு."

"நல்லது" என்று சொல்லி, அவர் மிச்சத்தையும் குடித்தார்.